எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிறை

போன மாதம் ஓர் இரவு தூக்கம் வராமல், ஏலத்துக்கு வந்திருக்கும் பழைய கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளி கலந்த நீலத்தில் 1963ஆம் வருட ஜாகுவார் இ-டைப் கூபே ஒன்று. முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. நம்பர் பிளேட்டைப் பார்க்கவே தேவைப்படவில்லை. ஆறு வருடம், வாரக்கடைசி தவறாமல், நான் உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்த உடம்பு அது. எந்த வளைவில் வெளிச்சம் எப்படி வழுக்கும் என்று எனக்குத் தெரியும். சந்தோஷமாகத்தான் ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். பெயின்ட் மங்கவில்லை. இருக்கைத் தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்து, ஆள் உட்கார்ந்து பழகின களை வந்திருந்தது. யாரோ ஆசையாக ஓட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். 18ஆவது படத்தில் கை நின்றது.

இன்ஜின் பிளாக்கை மிக அருகில் எடுத்த படம். ஆயில் ஃபில்டருக்கு மேலே, பிளாக்கில் இன்ஜின் எண்ணை அடித்திருக்கும் இடம். அந்த எண் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கியது. நான் விற்ற காரில் அதே இடத்தில் 'இசட்ஏ' என்று இருந்தது. வேறு பிளாக் மாற்றியிருப்பார்களோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். எண்ணுக்கு இடப்பக்கம் நகம் பதிந்தது போல ஒரு சின்னப் பிறை. எந்தக் காலத்திலோ யார் கையிலிருந்தோ ஸ்பானர் நழுவி விழுந்த தழும்பு. என்னிடம் இருக்கும் படத்தில் அது முழுப் பிறை. ஏலப் படத்தில் பாதிதான் இருந்தது, மீதியைத் தேய்த்திருந்தார்கள். படத்துக்குக் கீழே 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று போட்டிருந்தது, அதாவது ஆலைப் பதிவில் உள்ள அதே எண்கள்தான் காரிலும் இருக்கின்றன என்று.

அன்றைக்கு ஆரம்பித்த உறுத்தல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டிகளில் வந்த கார்

அந்தக் காரை நானும் என் மனைவியின் அண்ணனும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கினோம். கை வேலை என்னுடையது, பாகங்கள் தேடுவதும் கணக்கும் மச்சானுடையது. முடித்ததும் விற்றுவிட வேண்டும், வருவதை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே பேசிவைத்திருந்தோம். வலப்பக்க ஸ்டியரிங் வைத்த 3.8 லிட்டர் கூபே மொத்தத்தில் 2000 கூடச் செய்யவில்லை. பெரும்பாலான இ-டைப்புகள் இடப்பக்க ஸ்டியரிங்கோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டன. ஆகவே நல்லபடியாக முடித்தால் நஷ்டம் வராது என்று மச்சான் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கில் தப்பில்லை.

வந்தபோது அது காராக இல்லை. துருப்பிடித்த கூடு ஒன்று, தனியாக பானட், அப்புறம் 41 அட்டைப்பெட்டிகள். முன்னால் வைத்திருந்தவர் முழுதாகப் பிரித்துப் போட்டுவிட்டு, பாதியில் மனம் விட்டுப்போய்க் கொடுத்துவிட்டார். பிரித்தவர் ஒருவர், பூட்டுகிறவர் இன்னொருவர் என்றால் வேலை இரண்டு மடங்கு. எந்த போல்ட் எங்கேயிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதிலேயே முதல் வருடம் போனது. அதில் எனக்குக் கிடைத்த ஒரு பழக்கம், எதைத் தொட்டாலும் தொடுவதற்கு முன் ஒரு படம், தொட்ட பின் ஒரு படம் எடுத்துவைப்பது. கடைசியில் 2300 படத்துக்கு மேல் சேர்ந்துவிட்டன.

இந்த வண்டிக்கு முழு சேசிஸ் கிடையாது. உடம்பே தாங்கும் கூடு, முன்பக்கம் மட்டும் இன்ஜினைச் சுமக்க ரெனால்ட்ஸ் கம்பெனியின் எஃகுக் குழாய்களால் ஆன சட்டம். அந்தக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், சுத்தியலால் தட்டினால் சத்தம் செத்திருக்கும். எங்கள் காரில் இடப்பக்கச் சட்டம் அப்படித்தான் போயிருந்தது, புதிதாகப் போட்டோம். கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பெட்டி இரண்டு பக்கமும் போயிருந்தது. அவற்றை வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு அடிக்க வேண்டும். அவசரப்பட்டு முதலில் வெட்டினால் கூடு நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது. புதுச் சில்லின் உள்பக்கம், மூடுவதற்கு முன், வருடத்தைச் சின்னதாக அடித்துவைத்தேன். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனம், மாற்றிய பாகம் எது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும் என்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து அப்படிச் செய்வது எனக்குப் பிடித்துப்போனது.

ஈயம்

அந்த ஆறு வருடத்தில் எது பிடித்தது என்று கேட்டால் ஈயம் பூசிய மாதங்களைத்தான் சொல்வேன். தகடும் தகடும் சேரும் இடங்களை ஆலையில் ஈயம் வைத்துத்தான் மறைத்திருந்தார்கள். இப்போது பட்டி வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம், பெயின்ட் அடித்த பிறகு பார்க்கிறவருக்கு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பழைய ஈயத்தைச் சூடு காட்டி இறக்கியபோது அதற்கடியில் அரம் ஓடிய கோடுகள் தெரிந்தன. ஜாகுவார் ஆலை இருந்த இங்கிலாந்தின் கவென்ட்ரியில் யாரோ ஒரு தொழிலாளி தேய்த்த கோடுகள். அதற்கு மேல் பட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தகட்டைப் பளிச்சென்று தேய்த்து, வெள்ளீயப் பசை தடவி, சூடு காட்டித் துணியால் வழிக்க வேண்டும். தகடு கண்ணாடி போல மினுங்கும். அப்புறம்தான் ஈயக் கட்டி. 100 பங்கில் 70 ஈயம், 30 வெள்ளீயம். அது 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், முழுதாக உருகி ஓட இன்னும் 70 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த இடைவெளியில்தான் வேலை. அதற்குள் அது களி பதத்தில் நிற்கும், கொழுப்பில் தோய்த்த மரக்கட்டையால் தள்ளினால் சொன்ன பேச்சைக் கேட்கும். சுடர் ஒரு விநாடி அதிகம் நின்றால் பொத்தென்று தரையில் விழும். குறைந்தால் பிட்டு போல உதிரும். முதல் மாதம் நான் தகட்டில் வைத்ததைவிடத் தரையில் கொட்டியதுதான் அதிகம். பிறகு ஒரு நாள், எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, கை பழகிவிட்டது. ஆறினதும் அரம்தான் போட வேண்டும். மெஷின் வைத்துத் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் பறக்கும், மூச்சோடு உள்ளே போனால் அது விஷம். முகமூடி போட்டுக்கொண்டு, அரத்தால் மெதுவாக இழைத்து, விழுந்த தூளை ஈரத்துணியால் ஒற்றியெடுப்பேன்.

வளைவு சரிதானா என்று கண்ணை நம்ப முடியாது. இந்த உடம்பை வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர், வளைவுகளைக் கணக்குப் போட்டு வரைந்தவர். நேர்கோடு என்று சொல்ல எங்கேயும் ஒரு சாண்கூடக் கிடையாது. மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு அதன் மேல் உள்ளங்கையை ஓட்டினால் வெறுங்கைக்குத் தெரியாத மேடு பள்ளம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தடவுவேன். ஒரு முடி அளவு மேடு இருந்தாலும் கை நிற்கும்.

டேஷ்போர்டைக் கழற்றியபோதுதான் பழைய நிறம் கிடைத்தது. வெளியே நான்கு தடவை பெயின்ட் மாறி, கடைசியாகச் சிவப்பில் இருந்தது. கருவிகளுக்குப் பின்னால் வெயிலே படாத ஒரு மூலையில், ஆலையில் அடித்த ஓபலசென்ட் சில்வர் ப்ளூ அப்படியே இருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோய் நானும் மச்சானும் மாறி மாறிப் பார்த்தோம். அவர் எதுவும் பேசாமல் விரலால் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தார்.

அந்த ஓர் எண்

ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட்டுக்கு எழுதினால், ஆலையின் பழைய பேரேடுகளைப் பார்த்து, வண்டி எந்த நிறத்தில், எந்த எண்களோடு, எந்தத் தேதியில் வெளியே போனது என்று சான்றிதழ் தருவார்கள். எங்களுக்கு வந்த காகிதத்தை மேசையில் விரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். நிறம் சரி. சேசிஸ் எண், உடம்பு எண், கியர்பாக்ஸ் எண் மூன்றும் சரி. இன்ஜின் எண் மட்டும் இடித்தது. சான்றிதழில் ஆர் என்று தொடங்கும் இ-டைப் எண். பிளாக்கிலோ இசட்ஏ. இந்த வண்டிகளோடு பழகியவருக்கு அந்த இரண்டு எழுத்து போதும். மார்க் டென் என்ற பெரிய ஜாகுவாரின் இன்ஜின் அது. யாரோ எப்போதோ பழைய இன்ஜின் கெட்டுப்போய் இதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். செய்தவரைக் குறை சொல்ல முடியாது. அப்போது இது ஒரு பழைய கார், அவ்வளவுதான். அதே 3.8 லிட்டர், அதே மூன்று எஸ்.யூ. கார்புரேட்டர், ஆலைக் கணக்கில் அதே 265 குதிரைத்திறன். ஓட்டுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

பிளாக்கின் சிலிண்டர்களுக்குள் புது உறை, அதாவது லைனர், போட லேத் பட்டறையில் கொடுத்திருந்தோம். பட்டறைக்காரர் வயதானவர், இன்ஜின் வேலையில் அவரைப் போல ஒரு கையை நான் பார்த்ததில்லை. சான்றிதழை அவரிடம் காட்டி வருத்தப்பட்டேன். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"இதுக்கா தம்பி மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க? லேசா ஒரு பாஸ் தேய்ச்சு, காகிதத்துல இருக்கற நம்பர அடிச்சுக் குடுத்துடறேன். பழைய எழுத்து அச்சு எங்கிட்டயே இருக்கு. ஒரு மணி நேர வேலை."

"வேணாம்ணே" என்று உடனே சொல்லிவிடவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து மச்சானிடம் பேசினேன். அவர் பணமும் அதில் பாதி. மேட்சிங் நம்பர்ஸ் உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் விலையில் இருக்கும் இடைவெளி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "ஒரு நம்பர் தானே மாப்ள, வாங்கறவன் ஓட்டத்தானே போறான்" என்றார். பேராசையில் சொல்லவில்லை. ஆறு வருடம் தன் சேமிப்பை ஒரு கொட்டகையில் பூட்டிவைத்தவர் அவர். நான் நேர்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதன் செலவில் பாதி அவர் தலையில் விழும். அந்த இரவு எனக்குத் தூக்கம் கெட்டதற்குக் காரணம் அதுதான். சொந்தக் காசு மட்டும் என்றால் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

என்னென்னவோ யோசித்தேன். இரண்டு தடவை, 1929இலும் 1930இலும், லெ மான் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி ஒன்று உண்டு, ஓல்ட் நம்பர் ஒன் என்று பெயர். ஓட ஓட அதில் இன்ஜினும் சட்டமும் உடம்பும் மாறிக்கொண்டே வந்து, 1929இல் இருந்தது என்று காட்ட மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியது. அதை விற்கும்போது இது அந்த வண்டியே இல்லை என்று வழக்கு வந்தது. 1990இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அது ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று சொல்லிவிட்டது. இடையில் அறுபடாமல் ஒரே வண்டியாக அது இருந்து வந்திருக்கிறது என்பது காரணம். அப்படியானால் என் வண்டிக்கும் இன்ஜின் மாறியதால் ஒன்றும் குறைந்துவிடவில்லையே என்று முதலில் சமாதானம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடிந்ததே, எப்போது எது மாறியது என்ற பதிவு இருந்ததால்தான். பதிவைத் திருத்திவிட்டால் நீதிபதிக்கும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. 1961 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சிக்கு இன்னொரு இ-டைப் வேண்டும் என்று தகவல் வந்ததும், ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டியூவிஸ் கவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போன கார் இன்றைக்கும் இருக்கிறது, நம்பர் பிளேட் 77 ஆர்டபிள்யூ. அதைப் போலவே செய்த கார்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இதுதான் அது என்று நிச்சயமாகத் தெரிவதால்தான் அதன் பக்கத்தில் நிற்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

என் காரில் அப்படி ஒரு புகழும் இல்லை. ஆனால் கருவிகளுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் பார்த்த அந்த நீல மூலை நினைவுக்கு வந்தது. அதைப் பார்த்து நாங்கள் வாயடைத்து நின்றதற்குக் காரணம் அது உண்மையானது என்பதுதான். அது போலி என்று பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். விடிந்ததும் மச்சானிடம் இதை இப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, இசட்ஏவே இருக்கட்டும். ஆனா விளம்பரத்துல அத முதல் வரிலயே போடு, வந்து பாத்துட்டு ஒருத்தன் மூஞ்சிய சுளிக்கக் கூடாது" என்றார். பட்டறைக்குப் போய் பிளாக்கை எடுத்துக்கொள்ளும் முன், வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து அந்த எண்ணைப் படம் எடுத்தேன். எண்ணும் பிறையும் தெளிவாக விழுந்த படம் அதுதான்.

விற்ற கதை

முதல் வரியிலேயே போட்டோம். வந்து பார்த்த நான்கு பேரில் மூன்று பேர் இன்ஜின் எண்ணைச் சொல்லியே விலையை இறக்கினார்கள், அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. நான்காவதாக வந்தவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். காரைச் சுற்றி வருவதற்கு முன்பே என் படக் கோப்பைக் கேட்டு வாங்கி, ஒரு முக்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் படித்தார். சில் உள்ளே வருடம் அடித்த படத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "இதை யார் சொல்லி சார் செஞ்சீங்க?" என்றார். பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். மாஸ் கியர்பாக்ஸின் முதல் கியரில், பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ கிடையாது, பழகாதவர்கள் கரகரவென்று அரைப்பார்கள். இவர் சத்தமே வராமல் போட்டார். அவருக்கே கொடுத்தோம். மேட்சிங் நம்பர்ஸ் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய விலை வரவில்லை, ஆனால் கைநஷ்டமும் இல்லை. சான்றிதழ், ரசீதுகள், அச்சிட்ட படங்கள் எல்லாம் சேர்த்து இரண்டு கனமான கோப்புகள். சாவியோடு அவற்றையும் கொடுத்தேன். காரைப் பற்றிய உண்மை முழுவதும் காரோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

என் தப்பு அங்கேதான். கோப்பு காரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் இல்லை. ஒரு கை மாறும்போது மறந்து போகலாம், வேண்டுமென்றும் விட்டுவிடலாம். சில்லில் வருடம் அடிக்கத் தெரிந்த எனக்கு, அந்த எண்ணுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று தோன்றவே இல்லை. அடித்திருக்கும் எண்ணே உண்மையாக இருக்கும்போது அதற்கு வேறு காவல் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஏலப் படத்தைப் பார்த்த மறுநாள் அந்த இன்ஜினியரைக் கூப்பிட்டேன். முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல், இரண்டு வருடத்துக்கு முன்பே விற்றுவிட்டாராம். கோப்பு இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டால் சந்தேகப்பட முடியாது. யார் தேய்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கண்டுபிடிக்கவும் போவதில்லை. ஏலக்காரர்களுக்குப் படங்களை அனுப்பினேன். பட்டறையில் எடுத்த முழுப் பிறை, அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே இருக்கும் பாதிப் பிறை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. சில்லின் உள்பக்கம் எந்த இடத்தில் வருடம் அடித்திருக்கிறது என்றும் எழுதினேன், சிறு கேமராவை உள்ளே விட்டால் தெரியும். மூன்று நாள் கழித்து, விசாரிக்கிறோம் என்று இரண்டு வரி பதில் வந்தது. அந்த வாரமே கார் ஏலப் பட்டியலிலிருந்து காணாமல் போனது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

காரின் விலையைக் கெடுத்துவிட்டோமோ என்று ஒரு பக்கம் வலிக்கத்தான் செய்கிறது. இப்போது வைத்திருப்பவர் ஒன்றுமே தெரியாமல் முழு விலை கொடுத்து வாங்கி ஏமாந்தவராகக்கூட இருக்கலாம். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டு சும்மா இருந்திருக்க என்னால் முடியாது. இந்த மாதிரி கார்களுக்கு எண் வாரியாகப் பதிவு வைத்திருக்கும் ஜாகுவார் ஆர்வலர் சங்கம் ஒன்றுக்கு, சேசிஸ் எண்ணைத் தலைப்பில் போட்டு, 2300 படங்களையும் அனுப்பி வைத்திருக்கிறேன். விற்ற அன்றைக்கே செய்திருக்க வேண்டியது.

நேற்று மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எதிர்பார்த்தது போல அவர் கோபப்படவில்லை.

"முழுசா தேய்ச்சுட்டானுங்களா மாப்ள?"

"இல்ல மச்சான். பாதிப் பிறை இருக்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தப் பட்டறையில எடுத்த படத்த எனக்கு அனுப்பு. எம் போன்லயும் ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.